ஒழுகிக் காட்ட வேண்டிய கூரை

பழைய நகைச்சுவைக் கதைகளைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள், "இதெல்லாம் வெறும் கற்பனை, நிஜத்தில் எங்கே நடக்கிறது?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கே நடக்கிறதா? றக்வானைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்திருந்தால் காட்டியிருப்பேன்.

தோட்டம் கம்பெனிக்குக் கைமாறிய புதிது. ஓப்பநாயக்கப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எங்கள் வீடான ஒற்றைக் காம்பராவின் கூரைத் தகரமோ சல்லடை. அடுப்படியில் ஒழுகினால் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளையைப் படுக்க வைக்க ஒதுக்கிய மூலையிலும் ஒழுகியது. பிள்ளை பிறக்குமுன் நாலு தகரம் மாற்ற வேண்டும், வேறொன்றும் நாங்கள் கேட்கவில்லை.

அப்பா தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் சொன்னார். தலைவர் கணக்கப்பிள்ளையைக் கைகாட்டினார், கணக்கப்பிள்ளை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயாவை, அவர் தோட்டத்து மானேஜரான தொரையை. தொரை, கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று முடித்துவிட்டார். போங்கடா நீங்களும் உங்கள் தகரமும் என்று இருந்தது எனக்கு.

அந்த நாட்களில் பள்ளிக்கூடத்திலிருந்து அட்டை கிழிந்த கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து அக்காவுக்கு வாசித்துக் காட்டுவேன். ராஜா ஒரு மடையன், மந்திரிகள் அவனைவிட மடையர்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "எப்புடிடா இம்புட்டு மடையனுங்க ஒரே ஊர்ல சேந்தானுங்க?"

மழை வலுத்தது. பொறுக்கமாட்டாமல் அப்பா நீலப் பொலித்தீன் வாங்கிக் கூரைமேல் விரித்துக் கல் வைத்தார். மறுநாள் பார்த்து வந்து நின்றார் கம்பெனி அனுப்பிய சிங்கள ஐயா, எங்கள் வாயில் மாத்தயா. அண்ணாந்து பார்த்தார். "கோ வத்துர?" என்றார். தண்ணீர் எங்கே என்று கேட்கிறாராம்!

"பொலித்தீன் போட்டிருக்கோமுங்க, அதான் ஒழுகல" என்றார் அப்பா.

ஒழுகாத கூரைக்குத் தகரம் தர முடியாது என்று சொல்லிவிட்டு மாத்தயா ஜீப்பில் ஏறினார்.

தலைவர் அப்பாவைத் தனியாக அழைத்துப் புத்தி சொன்னார். "மாத்தயா திரும்பவும் வருவாரு. அதுக்குள்ள அந்தப் பொலித்தீன எடுத்துருங்க. நனைஞ்சு கெடந்தாத்தான் எழுதுவாரு." எல்லாரும் தலையாட்டினோம். மேலே ஏறிப் பிரித்தது நான்தான். பகல் முழுக்க மடையர் கதை வாசித்துவிட்டு, சாயங்காலம் சொந்தக் கூரையைப் பிரித்தேன்!

மழை வந்தது. மாத்தயா வரவில்லை. மழையில் மேட்டுப் பாதையில் ஜீப் ஏறாதாம். மழை பெய்தால் அவர் வரமாட்டார், அவர் வருகிற அளவுக்கு வெயில் அடித்தால் கூரை ஒழுகாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்ன இடமெல்லாம் "கொஞ்சம் பொறுங்க" என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் பெற்றுப் பிள்ளையோடு அக்கா திரும்பிய அன்றும் கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கென்று வைத்த மூலையில் வாளி இருந்தது. அவள் வாசற்படியருகே காய்ந்து கிடந்த ஒரு சாண் இடத்தில் பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பொலித்தீன் எங்கப்பா?"

"ஒரு நாள் பொறும்மா. நாளைக்கு மாத்தயா வந்தாலும் வருவாரு."

"வந்தா, நனைஞ்ச புள்ளையக் காட்டவா?"

அப்பா கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருந்த பொலித்தீனை இழுத்தெடுத்துக்கொண்டு மழையில் கூரைமேல் ஏறினார். நான் கீழேயிருந்து கல் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை தகரம் வரவில்லை.