பீடிக் கட்டு வாங்கி வந்தது நான்தான்

என் கணவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறார். பகலெல்லாம் உட்கார்ந்த வேலை. காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்த பிறகு, ஒவ்வொரு பீடிக்கும் தெருக்கோடியில் ராஜாத்தி நடத்தும் பெட்டிக்கடைக்கு நடப்பார். அங்கே தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்து, அவளோடு சிரித்துப் பேசிவிட்டு வருவார். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் வேறு கடையில் நாலு கட்டு பீடியும் தீப்பெட்டியும் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இனிமே அங்க போவாத. இங்கியே குந்திகினு பிடி" என்றேன்.

தீரத் தீர நானே வாங்கி வைத்தேன். அவரும் இடத்தை விட்டு அசையவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது. சுளுக்கென்று நினைத்து எண்ணெயோடு உருவப் போனேன்.

"கை வெக்காதம்மே, உயிர் போவுது" என்றார். ரிக்‌ஷா வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், உருவப் போனதையும் சொன்னேன்.

"ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது. உருவியிருந்தால் அது நகர்ந்து நெஞ்சை அடைத்திருக்கும். பீடியும், உட்கார்ந்தே இருப்பதும் சேர்ந்து செய்த வேலை. யார் இவ்வளவு பீடி வாங்கித் தருவது?" என்று டாக்டர் கேட்டார்.

"நம்ம வூட்டுக்காரிதான் சார்" என்றார் இவர்.

குணமானதும் பீடியை விட்டுவிட்டு தினமும் நடக்கச் சொன்னார்கள். இப்போது வீட்டில் பீடி கிடையாது. சாயங்காலம் ராஜாத்தி கடைவரை நடந்துவிட்டு வரும்படி நானே அனுப்புகிறேன். பீடி கொடுக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், அவளும் கொடுப்பதில்லை.

பீடியே இல்லாமல் அங்கே அரைமணி நேரம் நிற்கிறார்.