வரவில் எழுதிய எலும்புகள்

"கொஞ்சம் சிரிங்க மாரிட்சா. எழவு வீட்டுக்கா வந்திருக்கீங்க?" என்றார் புகைப்படக்காரர்.

கணக்காளர் சங்கத் தலைவர் லிசார்தோ அவளுடைய கோட்டில் பதக்கத்தைக் குத்திக்கொண்டிருந்தார். ஊசி வழுக்கியது. முன்வரிசையில், எல்லோரும் மரியாதையாகத் தோன்யா என்றழைக்கும் சபினா விடாமல் கைதட்டினார். லீமாவின் மலைச்சரிவில் அவர் நடத்தும் பொதுச் சமையலறைக்குத்தான் மாரிட்சா சனிக்கிழமைதோறும் போய் இலவசமாகக் கணக்கு எழுதினாள்.

துணிப் பட்டறை ஒன்றில் பல வருடங்களாக உதவிக் கணக்காளர். சங்கத்தில் சேர்ந்து தொண்டு செய்தால் பெரிய மனிதர்கள் கண்ணில் படலாம் என்று தோழி சொல்லியிருந்தாள். பட்டாள். சமையலறைக்காக அவள் தயாரித்த ஆண்டறிக்கையைச் சங்கம் இந்த வருடத்தின் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தது. நடுவர்களில் ஒருவர் பெரிய தணிக்கை நிறுவனம் நடத்துபவர். திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிடச் சொன்னார்.

விருந்தில் சபினா நான்கு எம்பனாதா பலகாரங்களைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு அவளிடம் வந்தார்.

"கணக்கம்மா, நகராட்சியில இந்த மாசம் அரிசி குடுக்கலை. நமக்கு வருமானம் வரம்பைத் தாண்டிடுச்சாம்."

"வருமானமா?"

"அதத்தான் நானும் கேட்டேன். பானையைக் கவுத்துக் காட்டவான்னேன். நாம குடுத்த பேப்பர்ல இருக்குங்கிறான்."

மாரிட்சாவுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. சந்தைக்காரர்கள் சும்மா கொடுக்கும் வாடிய கேரட், மாட்டு எலும்பு, பெண்கள் முறைவைத்துச் செய்யும் சமையல் எல்லாவற்றுக்கும் சந்தை விலை போட்டு வரவில் எழுதியிருந்தாள். அதுதான் முறை. நடுவர்கள் பாராட்டியதும் அதைத்தான். இதில் ஒரு சோல்கூடக் கைக்கு வந்த பணமல்ல என்று அடியில் ஒரு குறிப்பு சேர்த்திருக்கலாம். அறிக்கை மெலிந்து தெரியும் என்று விட்டுவிட்டாள்.

"என்ன தோன்யா, எங்க நட்சத்திரத்தைத் தனியா கடத்திட்டுப் போறீங்க?" என்றபடி லிசார்தோ வந்தார். தணிக்கைக்காரரும் கூட வந்தார். சபினா விஷயத்தைச் சொன்னார்.

"அந்தக் குமாஸ்தாவுக்கு ஆண்டறிக்கை புரியுமா? ஹோட்டல் பில்லையே தலைகீழாப் பிடிக்கிறவன்!" என்றார் லிசார்தோ.

எல்லோரும் சிரித்தார்கள். சபினாவும் சிரித்தார். தணிக்கைக்காரர் மாரிட்சாவைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினார். அவளும் உயர்த்திச் சிரித்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க கணக்கம்மா. இப்பதான் பதக்கம் இருக்கே."

"பார்க்கிறேன் தோன்யா."

மறுநாள் சனிக்கிழமை. மாரிட்சா மலை ஏறினாள். சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். அரிசி இல்லாததால் சூப் மட்டும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாங்க சமைச்சதுக்கும் கூலி போட்டீங்களா?" என்றார் சபினா.

"ஆமா."

"கேட்டியா ஹிலாரியா? நமக்குச் சம்பளமாம்."

"ஐயோ, என் புருஷன் காதுல போட்டுடாதீங்க. நாளைக்கே வேலையை விட்டுடுவான்."

பெண்கள் சிரித்தார்கள். சபினா சிரிக்கவில்லை.

"நேத்து எல்லாரும் சிரிச்சப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சபினா அடுத்த கிழங்கை எடுத்தார்.

காய் வெட்டும் மேசையின் ஓரத்தில் மாரிட்சா உட்கார்ந்து, விடுபட்ட குறிப்பையும் அது தன் தவறு என்பதையும் நகராட்சிக்கு எழுதிக் கையெழுத்திட்டாள். சங்கத்துக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும். அதை எழுதவில்லை. நகராட்சி திங்கட்கிழமைதான் திறக்கும். அன்று தனக்குப் புது வேலை என்று சொல்லிக் கடிதத்தை ஹிலாரியாவிடம் கொடுத்தாள். மதியம் வரிசை தொடங்கியது. அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். குடித்து, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, பேருந்து பிடித்தாள்.