மகஜரில் என் கையெழுத்து

விராலிமலைக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடம் இருக்கும் சாலை முக்கில் எனக்கு ஒரு தையல் கடை. மிஷினில் உட்கார்ந்தால் எதிரே பஸ் நிறுத்தம் தெரியும். பள்ளி விடும் நேரத்தில் அங்கே ஒருவன் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்பான். மாணவர்கள் வந்து, கை கொடுப்பதுபோல எதையோ வாங்கிக்கொண்டு போவார்கள். அவன் எங்கள் தெருக்காரன். அவனுடைய அம்மாவுக்கு நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அவன் விற்பது கஞ்சா என்பது தெருவுக்கே தெரியும். என் மகளோடு படித்த பையன் ஒருவன் அதைப் பழகிப் பள்ளியை விட்டு நின்றான். பகலெல்லாம் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் சுருண்டு கிடந்தான். அப்போதும் தெரு வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் மதியத்துக்கு மேல் சுடிதார் போட்ட ஒரு பெண் ஜாக்கெட் துணியோடு வந்தாள். அளவெடுத்தேன். கழுத்து எப்படி வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டு மறுபடி ரோட்டையே பார்த்தாள். பள்ளி மணி அடித்தது. பைக் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து சாலையைக் கடந்தாள். எங்கிருந்தோ இரண்டு போலீஸ்காரர்களும் வந்து பைக்கை மறித்துக்கொண்டார்கள். என்னிடம் அளவு கொடுத்தவள் எஸ்.ஐ. என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கூட்டம் சேர்ந்தது. பையைத் திறக்கும்போது வெளி ஆட்கள் இரண்டு பேர் பார்க்க வேண்டும், எடுத்ததை எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்த எஸ்.ஐ. சொன்னார். அவ்வளவுதான், கூட்டம் கரைந்தது. டீக்கடைக்காரர் மட்டும் பாய்லரை விட்டு நகர முடியாமல் மாட்டிக்கொண்டார். எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கண்ணால பாக்குறதை மட்டும் சொன்னா போதுங்க. பயமா இருந்தா வேண்டாம்."

பயமாகத்தான் இருந்தது. கழுத்தில் டேப்போடு இறங்கிப் போனேன். பைக் டேங்கின் மேல் மாட்டியிருந்த பையிலிருந்து பொட்டலங்களை எடுத்து வைத்தார்கள். ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தேன். பிறகு டீக்கடைக்காரரும் நானும் கையெழுத்துப் போட்டோம். அவன் என்னை முறைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நான் சொல்வதற்கு முன்னாலேயே விஷயம் அவருக்குப் போய்விட்டது. நீயும் மகளும் அங்கே தனியாக இருக்கிறீர்கள், போலீஸ் ஒரு நாள் வரும், தெரு தினமும் வரும் என்று போனில் சத்தம் போட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் போட்ட கையெழுத்தை அழிக்க மாட்டேன் என்று சொல்லி போனை வைத்தேன். பிறகு வெகுநேரம் ஒரு தையல்கூடப் போட முடியவில்லை.

ஜாமீனில் அவன் வெளியே வந்த பிறகு அவனுடைய அம்மா கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒனக்கும் ஒரு புள்ள இருக்குல்ல தாயி. கோர்ட்டுல எதுவும் பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

"எம் புள்ளையும் அந்த நிறுத்தத்துலதாங்கக்கா பஸ் ஏறுது," என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் மனசு மாறவில்லை.

வழக்கு புதுக்கோட்டை கோர்ட்டுக்கு வந்தபோது முதலில் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். தனக்கு எதுவும் தெரியாது, வெறும் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனார். அடுத்தது நான். கூண்டில் ஏறினேன். பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னேன். பிறகு அவன் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அந்த எஸ்.ஐ.க்கு நீங்கதான் ஜாக்கெட் தைச்சுக் குடுத்தீங்க. அதனால அவங்க சொன்னபடி சொல்றீங்க. சரிதானே?"

"தைச்சேங்கய்யா. இந்தத் தம்பியோட அம்மாவுக்கு அதுக்கும் பல வருஷம் முன்னாடியிருந்து தைக்கிறேன். வேண்டியவங்களுக்காகப் பேசுறதுன்னா அவங்களுக்காகத்தான் பேசியிருப்பேன்."

வக்கீல் வேறு கேள்விக்குப் போனார். பையின் நிறம், பைக் நின்ற இடம் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. எனக்கு அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. அவனுடைய அம்மா இப்போது வேறு கடையில் தைக்கிறார். என்னைக் கண்டால் சாலையின் அங்கிட்டுப் பக்கம் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தபோது, பள்ளி விடும் நேரமாகப் பார்த்து ஒரு நாற்காலியை எடுத்துக் கடை வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

பெஞ்சில் கிடந்த அந்தப் பையனை அவனுடைய அப்பா திருச்சியில் வைத்தியத்துக்குச் சேர்த்திருக்கிறார். தேறிவருகிறான் என்கிறார்கள்.

போன மாதம் நிறுத்தத்தில் ஒரு புதிய பைக் நின்றது. மறுநாளும் பள்ளி விடும் நேரத்துக்கு நின்றது, மாணவர்கள் கை கொடுப்பதுபோல எதையோ வாங்கிக்கொண்டு போனார்கள். பக்கத்துப் பழக்கடை அம்மா என் கடைக்கு வந்து, "பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். பார்த்தேன் என்றேன். "சாட்சிக்குக் கூப்பிட்டா இந்தத் தடவை நானும் வாரேங்க," என்றார். அவர் பக்கத்தில் நிற்கும்போதே ஸ்டேஷனுக்கு போன் செய்தேன்.