பக்கத்து வீட்டப் பாருங்க

இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. பட்டப்பகலில் நடந்தது. என்னோடு சேர்ந்து கேட்டவர் இன்றும் இருக்கிறார், சந்தேகமென்றால் அவரையே கேட்கலாம்.

நிலநடுக்கம் வந்த மூன்றாம் நாள். இடிந்துபோன தெரு ஒன்றில் எங்கள் மீட்புக் குழு வேலை செய்துகொண்டிருந்தது. குழுத் தலைவரை நாங்கள் மாஸ்டர் என்போம். எங்கள் முறை இதுதான்: எல்லா இயந்திரங்களையும் நிறுத்துவோம். ஒருவர் குரல் கொடுப்பார். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு அசையாமல் நிற்போம். எங்கிருந்து பதில் வருகிறதோ அங்கேதான் முதலில் தோண்டுவோம். இரண்டு இடத்தில் தோண்ட ஆள் கிடையாது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்..."

பெண் குரல். ஓடிப்போய் இடுக்கில் தலையை வைத்தேன். மாஸ்டரும் வந்தார்.

"குழாய் வழியா தண்ணி விடட்டுமாம்மா?" என்றேன்.

"வேணாம்."

புதைந்தவர்கள் முதலில் கேட்பதே தண்ணீர்தான். இவர் வேண்டாம் என்கிறார். மூன்று நாளாகத் தூசிக்குள் கிடந்தும் ஓர் இருமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவு. எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"எனக்கு அவசரமில்ல தம்பி. பக்கத்து வீட்டப் பாருங்க. பாப்பா... முனகிட்டே இருக்கா."

பக்கத்து வீட்டில் ஏற்கெனவே குரல் கொடுத்துப் பார்த்தாயிற்று. சத்தமே இல்லை. அந்தக் குழந்தையின் அப்பா எங்கள் பின்னால்தான் நின்றிருந்தார். மெல்லச் சொன்னார்.

"தினமும் பாப்பாவுக்குத் தலை பின்னி விடுறது அந்த அக்காதான்."

"பேசுறவங்கள விட்டுட்டு எப்படிப் போறது மாஸ்டர்?" என்றேன்.

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களே சொல்றாங்க. வா."

மனசே இல்லாமல் போனேன். தோண்டினோம். கட்டிலுக்கு அடியில்... ஒரு சின்னக் கை. விரல் அசைந்தது.

திரும்பி ஓடினோம். மாஸ்டர் இடுக்கில் குனிந்தார்.

"பாப்பா கிடைச்சுட்டாம்மா. உயிரோட இருக்கா."

"ம்..."

அவ்வளவுதான்.

பிறகு எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை. இருட்டுவதற்குள் அவரை வெளியே எடுத்தோம். உயிர் இல்லை.

பதில் சொன்னவரை விட்டுவிட்டுப் போனோமே... தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். உடலைப் பரிசோதித்த மருத்துவர் என் தோளைத் தொட்டார்.

"உங்க மேல தப்பே இல்லங்க. வீடு விழுந்த அந்த நிமிஷமே இவங்க போயிட்டாங்க."