மூன்று மணி ஆட்டமும் ஒரு சாட்சியும்

படம் பார்த்த அன்றே அதைப் பற்றி எழுதிவிடுவது என் வழக்கம். மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் முகங்கள் கலங்கிப்போகும், யார் எந்தக் கதவு வழியாக வந்தார் என்பது மறந்துவிடும். மலாக்காவில், காஜா பேராங்கில் நான் குடியிருந்த வீட்டின் முன்னறையில் ஒரு மேசை உண்டு. அதன் மேல் கோடு போட்ட தடித்த நோட்டு. படத்தின் பெயர், கொட்டகை, வரிசை, உடன் வந்தவர், கொலையாளியை நான் இடைவேளைக்கு முன் கண்டுபிடித்தேனா பின்னாலா, எதனால் கண்டுபிடித்தேன் என்று வரிசையாக எழுதுவேன். சண்டை முடிந்து ஜப்பான்காரன் நாட்டை விட்டுப் போன மாதத்தில் தொடங்கியது இந்தப் பழக்கம். ஒரு வாரம்கூட விட்டதில்லை.

எனக்குப் பிடித்தவை குற்றப் படங்கள். ஆங்கிலப் படங்களில் தொப்பி வைத்த மனிதர்கள் படிக்கட்டில் நின்று சிகரெட் பற்றவைப்பார்கள். தமிழ்ப் படங்களில் கொலை நடக்கும் அறைக்கு வெளியே யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் நான் ஒரே விதமாகத்தான் எடைபோட்டேன். பார்ப்பவனுக்குத் துப்பு நேர்மையாகக் காட்டப்பட்டதா, இல்லையா? கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே மகனை அடையாளம் தெரியாமல் போகிற படங்களுக்கு நான் இரக்கம் காட்டியதில்லை. கடைசி நேரத்தில் நீதிமன்றக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவரும் சாட்சியையும் எனக்குப் பிடிக்காது. அவர் மூச்சு வாங்குவார், அழுவார், நியாயத்தைப் பற்றிப் பேசுவார். தேதி சொல்ல மாட்டார். மணி சொல்ல மாட்டார். ‘அந்தக் கூண்டில் நான் நின்றிருந்தால் ஒரு நிமிடத்தில் வழக்கு முடிந்திருக்கும்’ என்று ஒரு படத்தின் கீழே எழுதியிருக்கிறேன். மை மங்காமல் இருக்கிறது.

என்னுடன் படத்துக்கு வந்தவர் ரோடு போடும் இலாகாவில் மண்டோராக இருந்தார். பத்துப் பன்னிரண்டு ஆட்களை வைத்து வேலை வாங்குபவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் ரப்பர் ஏற்றுமதி செய்யும், எங்கள் பேச்சில் கித்தா ஏற்றுமதி செய்யும், ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. அவர் என்னைக் கிராணியாரே என்பார், நான் அவரை அண்ணே என்பேன். சனிக்கிழமைகளில் எனக்கு அரை நாள் வேலை. அவர் செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வந்துவிடுவார். பண்டா ஹிலிர் பக்கத்துக் கொட்டகையில் மூன்று மணி ஆட்டம்.

கொலையாளி யார் என்று அவர் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் வரிசையில் வழக்கமாக உட்காரும் மலாக்கா செட்டிக்காரர் ஒருவர் இருந்தார், பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வம்சம். வீட்டில் பேசுவது மலாய், தமிழில் நாலைந்து சொற்கள்தான் தெரியும். திரையில் புது முகம் வந்தால் உடனே மண்டோர் பக்கம் சாய்ந்து, இவனா கொன்றான் என்று மலாயில் கேட்பார். இல்லை, இவன் நல்ல மனிதன் என்று மண்டோர் சொல்வார். ஒவ்வொரு முகத்துக்கும் அதே பதில். கொலைகாரனுக்கும் அதுதான்.

ஒரு படம் நினைவிருக்கிறது. மருந்துக் கடைக்காரர் ஒருவர் படுக்கையில் கிடக்கும் அண்ணனுக்கு வேண்டுமென்றே மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுகிறார். தொடக்கத்திலேயே அதைக் காட்டிவிட்டார்கள். பிறகு இரண்டு மணி நேரமும் அவர் கடையைத் திறப்பதும் மூடுவதும்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே வந்து கோப்பிக் கடையில் உட்கார்ந்ததும் சொன்னேன்.

“கொலகாரன் யாருன்னு மொதல்லயே காட்டிட்டா, அப்புறம் பாக்குறதுக்கு என்னண்ணே இருக்கு?”

“அவன பாருங்க. காலையில எந்திரிக்கிறான், மொகம் கழுவுறான், கடைக்கு வர்றவங்ககிட்ட சிரிக்கிறான். எப்படித்தான் சிரிக்கிறான்னு பாக்க வேணாமா?”

“கடைசியில போலீஸ் வந்து புடிக்குது. எப்படிப் புடிச்சாங்க? ஒரு துப்பு கெடையாது.”

“நீங்க போலீசுல சேந்திருக்கணும் கிராணியாரே. அநியாயமா கம்பெனியில உக்காந்து கித்தாவ எண்ணிக்கிட்டு இருக்கீங்க.”

கோப்பியைச் சாசரில் ஊற்றி ஊதிக் குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார். “யாருன்னு தெரிஞ்ச பெறகுதான் எனக்கு படமே ஆரம்பிக்குது.”

அதையும் அன்று எழுதி வைத்தேன், தவறான கருத்து என்ற குறிப்புடன்.

பிறகு ஐம்பத்தேழில் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது. நான் மலாக்காவிலேயே பிறந்தவன், எனக்குக் குடியுரிமை பற்றிய கவலை இல்லை. மண்டோர் இந்தியாவில் பிறந்து இருபது வயதில் கப்பலேறி வந்தவர். அவரைப் போன்றவர்கள் மனுப் போட வேண்டும். சுதந்திர நாளுக்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டுகளாவது இந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சலுகையும் முதல் ஓராண்டுக்குத்தான், அதன் பிறகு கூடுதல் ஆண்டுகள் கேட்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அவருக்கு அதில்தான் சிக்கல். சண்டை முடிந்த சில காலத்தில் ஊருக்குப் போனார். கல்யாணம் நடந்தது. அம்மா படுக்கையில் விழுந்தார், பிறகு காலமானார். மகள் பிறந்தாள். கப்பலில் இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து சேர நான்கு ஆண்டு ஐந்து மாதம் ஆகிவிட்டது. மனைவியையும் மகளையும் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று விட்டு வந்தார். அதற்குள் குடிநுழைவுச் சட்டம் இறுகிவிட்டது. குடியுரிமை இருந்தால் குடும்பத்தை வரவழைக்க வழி உண்டு என்று இலாகாவில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மகளுக்கு அப்போது எட்டு முடிந்திருந்தது. நடக்கப் பழகும் குழந்தையாகப் பார்த்ததோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மேசையில் உட்கார்ந்து அவருக்காக மனுவை நிரப்பினேன்.

“எவ்வளவு காலம் வெளிநாட்டுல இருந்தீங்கன்னு கேட்டிருக்காங்கண்ணே.”

“ரெண்டு வருசம்னு போடுங்க.”

“ரெண்டா?”

“போடுங்க கிராணியாரே. ரெண்டோ நாலோ, எல்லாம் ஓடிப்போன காலந்தானே. யாரு கப்பல்ல ஏறி எண்ணப் போறா?”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்து இரண்டு என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த எண்ணும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த சில வாரங்கள் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கம்பெனியில் சரக்குச் சீட்டு எழுதும்போதும் நினைவுக்கு வரும். தெரிந்தே பொய்யாக நான் எழுதிய ஒரே வரி அது. அவருடைய எட்டு வயது மகளை நினைத்து நான் அந்த உறுத்தலை விழுங்கியிருக்க வேண்டும். என் உறுத்தல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவரை நன்கு அறிந்த ஒருவர் சாட்சியாக உடன் வர வேண்டும். நான் ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். மண்டோர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் தடவி வந்திருந்தார். நான் குடையும் பையும் எடுத்துக்கொண்டேன். பைக்குள் அவர் ஊரில் இருந்த ஆண்டுகளின் சினிமா நோட்டு இருந்தது. அதைக் கொண்டுவரும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அதிகாரி இளவயது மலாய்க்காரர், மரியாதையாகப் பேசினார். எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். பேச்சு முழுவதும் மலாயில்; அவர் மண்டோரைப் பக்சிக், பெரியவரே, என்றார், மண்டோர் அவரைத் துவான், ஐயா, என்றார். மண்டோர் தன் அடையாள அட்டையை நீட்டினார். அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார்.

“நாற்பத்தெட்டில் அவசரகாலம் தொடங்கியபோதே எல்லாருக்கும் அட்டை கொடுத்தாயிற்று. உங்களுடையது மூன்று வருடம் பிந்தி வாங்கியதாக இருக்கிறதே, பக்சிக்?”

“முதல் அட்டை வெள்ளத்தில் போய்விட்டது, துவான். இது மறுபடி வாங்கியது.”

அதிகாரி தலையாட்டினார். வெள்ளத்தில் நிறையப் பேருக்குப் போயிருக்கிறது என்று அவரே சொன்னார். அவருக்கு நம்ப விருப்பம் இருந்தது, அது நன்றாகத் தெரிந்தது. மனுவைப் புரட்டினார், முத்திரை வைத்திருந்த பெட்டியைப் பக்கத்தில் இழுத்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் நெடுநாள் நண்பர். இவர் இந்தியாவில் இருந்தது இரண்டு வருடம்தானே?”

மண்டோர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். தலையை அசைத்திருந்தாலும் போதும்.

“நான்கு வருடம் ஐந்து மாதம்” என்றேன்.

எப்படி அவ்வளவு சரியாகத் தெரியும் என்று அதிகாரி கேட்டார். அவர் குரலில் சந்தேகத்தைவிட வருத்தம்தான் இருந்தது. நான் பையைத் திறந்து நோட்டை எடுத்தேன். அவர் ஊருக்குக் கப்பலேறிய வாரத்திலிருந்து ‘தனியாக’ என்று எழுதத் தொடங்கிய பக்கத்தையும், தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை அவர் மறுபடி என்னோடு வந்த பக்கத்தையும் காட்டினேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, நான் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தேன். அந்த வாரம் என்ன படம் என்பதைக்கூடச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. தடுமாறாமல், அழாமல், தேதியோடும் ஆதாரத்தோடும் சாட்சி சொன்னேன்.

பன்னிரண்டில் அதைக் கழித்தால், எட்டு ஆண்டுக்கு ஐந்து மாதம் குறைந்தது.

வெளியே வந்ததும் மண்டோர் சைக்கிளின் பூட்டைத் திறந்தார். அது திறக்கச் சற்று நேரமாயிற்று.

“பசியாறிட்டு போவோமா?” என்றார்.

போனோம். அவர் இரண்டு தோசை சாப்பிட்டார். நான் என் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, நான்...”

“தோச ஆறிப்போச்சு பாருங்க” என்றார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. பொய்த் தகவல் கொடுத்ததற்காக மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை, அந்த அளவில் அதிகாரி நல்லவராக நடந்துகொண்டார். கடிதத்தை மண்டோருக்குப் படித்துச் சொன்னவனும் நான்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போனேன். வேறொரு நண்பரோடு குழப்பிக்கொண்டேன், என் சாட்சியத்தைத் திருத்த வேண்டும் என்று சொல்ல நினைத்திருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதிகாரிக்கு என்னை நினைவிருந்தது.

“சொன்னதில் எது தவறு?” என்று கேட்டார்.

அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

“எதுவும் தவறில்லை” என்றேன்.

“அப்படியென்றால் நான் எதைத் திருத்துவது?”

இதை மண்டோரிடம் சொன்னபோது முதன்முறையாக அவருக்குக் கோபம் வந்தது. “அங்க போயி நின்னீங்களா? நின்னுட்டு சும்மா வந்தீங்களா? ஒரு பொய் சொல்ல ரெண்டு தடவ வழி கெடச்சிருக்கு உங்களுக்கு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “விடுங்க. உங்க சொபாவம் தெரிஞ்சும் உங்கள கூட்டிட்டுப் போனேன் பாருங்க, அது என் புத்தி.”

இன்னும் சில ஆண்டு காத்திருந்து புதிய விதியின்படி மனுப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அதற்குள் மகள் பெரியவளாகிவிடுவாள் என்றார். இலாகாவில் வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஊரில் அவருக்கு நிலம் கிடையாது. ஐம்பதை நெருங்கும் வயதில் அங்கே யாரும் வேலை கொடுக்கப் போவதில்லை. போனால் திரும்பி வர அனுமதி கிடைக்காது என்பதும் அவருக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் போட்ட ரோடுகளை விட்டுவிட்டுப் போகிறார்.

நான் இன்னும் படம் பார்க்கிறேன். முன்பு எழுதிய கருத்துகளை எடுத்துப் படித்தால் வேறு யாரோ எழுதியதுபோல இருக்கிறது. துப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், அந்த ஆட்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. மருந்துக் கடைக்காரர் சிரித்தார் என்று ஒரு வரிகூட இல்லை. திருடன், கொலைகாரன், மோசக்காரன் எல்லாருக்கும் படம் எடுத்திருக்கிறார்கள். உண்மையைச் சரியாகச் சொல்லி ஒருவரை அழித்தவனைப் பற்றி ஒரு படமும் நான் பார்த்ததில்லை. எடுத்தாலும் எந்தக் கடைசிக் காட்சியில் அவனைப் பிடிப்பார்கள்? பிடித்து எந்தச் சட்டத்தின் கீழ் நிறுத்துவார்கள்?

சிங்கப்பூரில் கப்பல். மலாக்காவிலிருந்து காலை பஸ். நான் போயிருந்தேன். வர வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. ஒரு தகரப் பெட்டியும் ஒரு துணி மூட்டையும் வைத்திருந்தார். மூட்டையைப் பிரித்து, காகிதத்தில் சுற்றிய ஒரு கவுனை எடுத்தார். நீல நிறம், கழுத்தில் வெள்ளைப் பட்டி. கடையில் வாங்கியது.

“எட்டு வயசு புள்ள எவ்வளவு ஒசரம் இருக்கும் கிராணியாரே? கடக்காரன் கேட்டான். சொல்லத் தெரியல. சும்மா கைய காட்டிட்டு வாங்கியாந்துட்டேன்.”

எனக்குப் பிள்ளைகள் இல்லை. கையை இடுப்பருகே பிடித்தேன். போதாது என்று தோன்றியது. கொஞ்சம் உயர்த்தினேன், மறுபடி இறக்கினேன். அவர் கவுனின் தோளைப் பிடித்து விரித்து, என் கைக்கு நேராக வைத்துப் பார்த்தார்.

“அவ அவ்வளவு பெருசாவா இருப்பா?”

“தெரியலண்ணே” என்றேன்.

அவர் அதை மடித்துக் காகிதத்தில் சுற்றினார். சரியாக மடிக்க வரவில்லை. நான் வாங்கி மடித்துக் கொடுத்தேன். கண்டக்டர் பெட்டியைத் தூக்கி மேலே போட்டார்.