ஆராத்தித் தட்டும் கணக்கு வகுப்பும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சம். அதனால் எத்தனையோ கோபத்தை விழுங்கியிருக்கிறேன். இதை விழுங்க முடியவில்லை.

என் மகள் இங்கே நோர்வேப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறாள். பழைய ஆசிரியர்களும் மேற்கொண்டு படித்துத் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்தே கணினியில் படிக்கலாம். ஆனால் இரண்டு பிள்ளைகள் மடியில் ஏறும் வீட்டில் அது நடக்காது. பாதி நாள் வேலை செய்து படிக்கலாம். ஆனால் பதிலுக்கு ஆள் இல்லை என்றார் பள்ளிக்கூட அதிபர். சனிக்கிழமைகளில் கல்லூரிக்குப் போவதுதான் மிஞ்சியது. பிள்ளைகளை நான் பார்த்தேன். குளிர்காலம் முழுக்க விடியமுன்னம் எங்கள் புருசெத் நிலையத்தில் ரயில் ஏறினாள். கடைசிச் சனிக்கிழமை எல்லோர் முன்னும் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அன்று வராதவருக்குச் சான்றிதழ் இல்லை. அது இல்லாவிட்டால் அடுத்த வருடம் கணக்கு வகுப்பும் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் என் மகன், வயதுக்கு வந்த தன் மகளின் சாமத்தியச் சடங்கை வைத்தான். மண்டபமும் எடுத்தாயிற்று. பெண்ணுக்கு மாமி ஆராத்தி எடுக்க வேண்டும். மாமி என் மகள்.

"அண்ணா, நான் முந்தியே நாள் சொன்னனான் எல்லே."

"சாத்திரியார் குறிச்ச நாள், நான் என்ன செய்ய? ஒருநாள் லீவு கேளன்."

"இது லீவு கேக்கிற விசயமில்லை. அண்டைக்கு நிக்காட்டி முழுப் படிப்பும் போச்சு."

மருமகள் தேத்தண்ணியை வைத்தபடி சிரித்தாள். "இவ்வளவு காலமும் படிப்பிச்சனீங்கள்தானே மச்சாள்? ரண்டும் ரண்டும் நாலு எண்டதை மாத்திப்போட்டாங்களோ?"

மகனும் சிரித்தான். மகள் தலையைக் குனிந்தாள். விட்டுக்கொடுக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவள் படிக்கப் போகட்டும். ஆராத்தியை நான் எடுக்கிறன்."

நான் தாலி கழற்றியவள். நல்ல காரியத்தில் அந்தத் தட்டைத் தொட என்னை விடமாட்டார்கள். சிரிப்பு நின்றுபோனது.

"என்ன கதை கதைக்கிறியள் அம்மா?"

"ஓம், கதைக்கிறன். சாத்திரியார் குறிச்ச நல்ல நாள், நான் தொட்டுக் கெட்டுப்போகுமோ?"

மருமகள் கைபேசியோடு அறைக்குள் போனாள். தேத்தண்ணி ஆறவில்லை, திரும்பி வந்துவிட்டாள். இதே நகரத்தில், ரொம்சோசில் இருக்கும் தன் அண்ணன் மனைவி ஆராத்தி எடுப்பாளாம். அவளும் பிள்ளைக்கு மாமி முறைதானாம்.

அப்படியென்றால் அந்த மாமி இவ்வளவு நாளும் எங்கே இருந்தாள்? என்னைத் தட்டில் கைவைக்க விடாமல் தடுக்க ஒரு நிமிடத்தில் ஆள் கிடைத்தது. என் பிள்ளையின் வேலைக்காக ஒருவரும் தேடவில்லை.

சடங்கன்று என்னைப் பின்வரிசையில் இருத்தினார்கள். மகள் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், "மச்சாளுக்குப் படிப்புத்தான் முக்கியம்" என்றாள் மருமகள். வழமையில் நிலத்தைப் பார்த்திருப்பேன். அன்று, "ஓம், முக்கியம்தான்" என்று அவள் சொன்ன கையோடு நானும் சொன்னேன்.

மகள் பாடம் நடத்திக் காட்டிச் சித்தியடைந்து மண்டபத்துக்கு வந்தபோது பந்தி முடிந்திருந்தது. ஒரு கோப்பைச் சோற்றை முதலே எடுத்து மூடி வைத்திருந்தேன். அவள் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்தேன். மகன் வந்து ஏதோ கேட்டான். நான் மகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் அவனோடு சரியாகக் கதைக்கவில்லை.