அப்பாவின் காரில் சத்தம் நின்ற வாரம்

மலேசியாவில் ரந்தாவுக்குப் பக்கத்தில் எங்கள் செம்பனைத் தோட்டத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு மேல், தண்ணீர்த் தொட்டி வளைவிலிருந்து ‘கீ...ச்’ என்று ஒரு சத்தம் வரும்; ஈயச் சட்டியைக் கரண்டியால் சுரண்டும்போது பல் கூசுமே, அப்படி. அப்பாவின் பழைய நீலக் கார் அந்த வளைவில் பிரேக் பிடிக்கும் சத்தம் அது. அங்கிருந்து தொழிலாளர் குடியிருப்பு வரிசையான ‘லய’த்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வர இரண்டு நிமிடம் ஆகும். “வந்தாச்சு” என்பாள் அக்கா. அந்த இரண்டு நிமிடத்துக்குள் அவளுடைய பாடப் புத்தகங்கள் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விடும், வானொலி நின்றுவிடும், அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படியில் நிற்பார்.

அப்பா தோட்டத்தில் ‘மண்டோர்’, வேலையாட்களை மேய்ப்பவர். அக்கா பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று யாரோ சொல்லப்போக, “படிச்சுக் கிழிச்சது போதும்” என்று பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தின் நடுவில் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். ஆனால் அரசாங்கத் தேர்வுக்கு அவள் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. தேர்வு நாட்களில், அப்பா விடியற்காலையில் ‘பெரட்டு’க்கு ஆள் கணக்கெடுக்கப் போன பிறகு அவளைப் பேருந்தில் ஏற்றிவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தார். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, மம்பாவில் கார் பட்டறை வைத்திருந்தவர். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்த மாமா, பத்து வயதுக்காரியான என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார். சத்தம் பிரேக்கை மிதிக்கும்போது வருகிறதா, சும்மா ஓடும்போதும் வருகிறதா? காலையில் மட்டுமா, எந்நேரமுமா? மெல்லிசாகக் கீச்சிடுகிறதா, அரைக்கிறதா? மிதிக்கும்போதுதான், எந்நேரமும்தான், முன்பெல்லாம் கீச்சிட்டது, இப்போது முடிவில் கொஞ்சம் அரைக்கிறது, அதுவும் இடது பக்கம் என்று நான் ஒன்று விடாமல் சொன்னேன்.

“எப்படிம்மா இவ்வளவு சரியா சொல்ற? பெரிய மெக்கானிக்கா வருவ லா!” என்றார் மாமா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா வாசலுக்கு வந்தார். “இருக்கட்டும் தம்பி. அவருக்கு அந்தச் சத்தம் பழகிப்போச்சு.”

“பழகிப்போச்சா? பிரேக்கு லா அக்கா. உயிர் போயிடும்.”

“அடுத்த மாசம் வந்து செய்யேன்.”

“நான் வந்திருக்கேன், சாமான் வேன்லயே இருக்கு. அப்புறம் எதுக்கு அடுத்த மாசம்?”

அம்மா மூன்றாவது முறையாக வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். காரணத்தைச் சொன்னால் மாமா அப்பாவிடம் சண்டைக்குப் போவார். முன்பு ஒருமுறை அப்படிப் போனதற்கு, மாமா ஊர் திரும்பிய பிறகு அம்மாதான் பட்டார்.

மாமா சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் பிஸ்கட்டைவிட மெல்லிசாகத் தேய்ந்து, அதன் இரும்பு முதுகு வட்டில் உரசிக் கோடு கோடாகக் கீறியிருந்தது. “பாத்தியா, நீ சொன்ன இடம்தான்” என்று எனக்குக் காட்டினார். வட்டைத் தேய்த்து, புதுப் பேடுகளை மாட்டி, மசகு தடவி, வளைவு வரைக்கும் என்னை ஏற்றிப் போய் ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை.

திங்களும் செவ்வாயும் வாசலைப் பார்த்துக்கொண்டே சமாளித்தோம். புதன்கிழமை பிற்பகல் நிலைப்படியில் நிழல் விழ, நிமிர்ந்து பார்த்தபோதுதான் அப்பா வந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது. அக்காவைச் சுற்றி நான்கு புத்தகங்கள் திறந்து கிடந்தன.

அவர் கத்தவில்லை. வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிக்கும் தகர டிரம்முக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து தேநீர் கேட்டார். அக்கா ஒவ்வொரு பக்கமாகத் தன் கையாலேயே கிழித்துப் போடவேண்டும் என்றார். தீக்குச்சியை என்னைக் கிழிக்கச் சொன்னார். இரண்டு குச்சிகள் அணைந்தன, மூன்றாவது பற்றியது. கடைசியில் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த தேர்வுச் சீட்டு விழுந்தது. “அதையும்” என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, “ஒன் தம்பி கெட்டிக்காரன்டி. வண்டி பூனை மாதிரி வருது” என்று சொல்லிச் சிரித்தார். அம்மாவை அடித்தது அதற்குப் பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு.

அக்கா தேர்வுக்குப் போகவில்லை. மறு வருடம் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அம்மா அதன் பிறகு மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவர் பலகாரத்தோடு வருவார்; அம்மா காப்பியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அப்பாவிடம் காட்ட முடியாததையெல்லாம் அவரிடம் காட்டினார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மாமாவின் கேள்விகளுக்கு யார் பதில் சொன்னது என்று அம்மா என்னைக் கேட்டதே இல்லை. நானும் சொல்லவில்லை.

இன்று அந்த லயங்கள் இல்லை. இடித்துவிட்டு வீடமைப்புப் பகுதி கட்டியிருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா பக்கத்து ஊரான சுவாவில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறாள். போன வருடம் மாமா மருத்துவமனையில் கிடந்தபோது பார்க்கப் போனேன். தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்து, “ஏம்மா, எங்கக்கா ஏன் என்கிட்ட பேசாமலே போயிட்டாங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?” என்றார்.

“தெரியல மாமா” என்றேன்.

“என்னமோ தப்பா பேசியிருப்பேன்” என்றார் அவர். கண் நிறைந்துவிட்டது. “அவங்களுக்குப் பதிலா நீயாச்சும் என்னை மன்னிச்சிரும்மா.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா எப்பவோ மன்னிச்சிட்டாங்க மாமா” என்றேன்.